கடல்நீரும் செம்புக் கம்பியும்

புளியிட்டுத் துலக்கிய செம்புக் குடம் புதிது போலப் பளபளக்கிறது. நாலு நாள் துலக்காமல் விட்டால் மங்கிப்போகிறது. மழைக்காலத்தில் மூலையில் கவனியாமல் கிடந்தால் அதன்மேல் பச்சை நிறப் பூச்சு ஒன்று படர்கிறது. இதைத்தான் களிம்பு என்கிறோம். செம்பையும் களிம்பையும் பிரிக்க முடியாதவை என்று கண்ட சைவ சித்தாந்த நூலோர், உயிரைப் பற்றியுள்ள ஆணவ மலத்துக்கு இதையே உவமையாக எடுத்தாண்டனர்.

குடத்தில் ஏறிய களிம்பால் பெரிய நட்டம் ஒன்றும் இல்லை. இன்னொரு முறை துலக்கினால் போய்விடும். ஆனால் ஒரு படகின் மின்கம்பி இணைப்பில் ஏறும் களிம்பு அப்படிப்பட்டதன்று. அடித்தளத்தில் சேரும் நீரை இறைக்கும் பம்பு நின்றுபோவதும், எதிரே வரும் கப்பலுக்குத் தன்னைக் காட்டும் விளக்கு அணைந்துபோவதும், கரையோடு பேசும் வானொலிக் கருவி ஊமையாகிப்போவதும் பெரும்பாலும் இந்தப் பச்சைத் தூளினால்தான். இத்தனைக்கும் பம்பில் பழுது இராது. மின்கலத்தில் பழுது இராது. நீண்டு செல்லும் கம்பியிலும் பழுது இராது. கம்பியும் கம்பியும் சேரும் இடத்தில், விரல்நுனி அளவுள்ள ஓர் இணைப்பில்தான் பழுது இருக்கும்.

இந்தச் சின்னஞ்சிறு இடத்தைக் கடல்நீரிடமிருந்து காப்பதற்கு மனிதன் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டிருக்கிறான். மரக் கப்பல்களில் தொடங்கி, பெருங்கடலின் அடியில் கிடத்திய தந்திக் கம்பிகளின் வழியாக இன்றைய படகு வரை வரும் அந்த வரலாற்றைக் காண்போம்.

பழுப்புத் தாள் கற்பித்த பாடம்

பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல்கள் மரத்தால் ஆனவை. கடலில் வாழும் கப்பல் புழு அந்த மரத்தைத் துளைத்துச் சல்லடையாக்கியது. பாசியும் கொட்டலசும் அடிப்பாகத்தில் ஒட்டி வளர்ந்து கப்பலின் வேகத்தைக் குறைத்தன. இவற்றைத் தடுக்க, அலாரம் என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் அடிப்பாகத்துக்கு 1761இல் செம்புத் தகடு வேய்ந்து, அதை மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள்.

1763இல் திரும்பி வந்த கப்பலை ஆராய்ந்தபோது இரண்டு செய்திகள் தெரிந்தன. செம்பு வேய்ந்த இடத்தில் புழுவும் இல்லை, பாசியும் இல்லை. இது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் தகடுகளைப் பொருத்தியிருந்த இரும்பு ஆணிகள் பல இடங்களில் கரைந்து உதிர்ந்து போயிருந்தன. இது அதிர்ச்சியான செய்தி. அதிலும் ஒரு விந்தை இருந்தது. எல்லா ஆணிகளும் கெடவில்லை. சில ஆணிகள் நன்றாகவே இருந்தன. காரணத்தைத் தேடியவர்கள் அந்த ஆணிகளின் அருகே பழுப்புத் தாள் இருக்கக் கண்டனர். தகடுகள் கப்பல்துறைக்கு வந்தபோது அவற்றைச் சுற்றியிருந்த தாள் அது. பொருத்தியவர்கள் சில இடங்களில் அதை நீக்காமல் விட்டிருந்தார்கள். தாள் நடுவே இருந்த இடத்தில் இரும்பும் செம்பும் ஒன்றையொன்று தொடவில்லை, ஆணியும் கெடவில்லை.

கடல்நீரில் இரும்பும் செம்பும் தொடக் கூடாது என்று அப்போதே முடிவு செய்தார்கள். ஏன் தொடக் கூடாது என்பதைச் சொல்ல அன்று ஒருவராலும் இயலவில்லை. மின்னோட்டம் என்பதை உலகம் இன்னும் அறிந்திருக்கவில்லை.

வோல்ட்டாவும் டேவியும்

விடை 1800ஆம் ஆண்டு இத்தாலியிலிருந்து வந்தது. இரு வேறு உலோகத் தட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, ஒவ்வோர் இணைக்கும் நடுவே உப்புநீரில் நனைத்த துணியையோ அட்டையையோ வைத்தால் இடைவிடாத மின்னோட்டம் கிடைக்கும் என்று அலெசாண்டிரோ வோல்ட்டா அறிவித்தார். முதல் மின்கல அடுக்கு இதுவே. இரு உலோகங்களும் நடுவே உப்புநீரும் இருந்தால் போதும். அங்கே ஒரு மின்கலம் உண்டாகிவிடும். அலாரம் கப்பலின் ஒவ்வோர் ஆணியும் அறியாமல் செய்த ஒரு மின்கலமே!

இக்கலத்தில் இரு உலோகங்களும் ஒரே நிலையில் இருப்பதில்லை. எலெக்ட்ரான்களை எளிதில் இழக்கும் உலோகம் அயனியாகி நீரில் கரைகிறது, மற்றது காக்கப்படுகிறது. இப்போக்கை மின்வாய் அழுத்தங்கள் என்னும் எண்களால் குறிக்கிறோம். திட்ட நிலையில் துத்தநாகத்துக்கு −0.76 வோல்ட், இரும்புக்கு −0.44, வெள்ளீயத்துக்கு −0.14, செம்புக்கு +0.34. கடல்நீரில் இவ்வெண்கள் ஓரளவு மாறினாலும் இந்த நான்கின் வரிசை மாறுவதில்லை. எண் தாழ்ந்த உலோகம் கரையும். எண் உயர்ந்தது பிழைக்கும்.

செம்புத் தகடும் கடல்நீரில் மெல்லக் கரைவதைக் கண்ட பிரிட்டிஷ் கடற்படை, 1823இல் ராயல் சொசைட்டியின் உதவியை நாடியது. அதன் தலைவரான சர் ஹம்ஃப்ரி டேவி தாமே ஆய்வில் இறங்கினார். செம்புடன் சிறு துத்தநாகத் துண்டையோ இரும்புத் துண்டையோ இணைத்துவிட்டால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று 1824 ஜனவரியில் அறிவித்தார். அவருடைய முறையை முதலில் பெற்ற கப்பல்களில் ஒன்று சமாரங். நம் அண்டையிலுள்ள கொச்சியில் கட்டப்பட்டு 1822இல் நீரில் இறங்கிய கப்பல் அது. இரும்புத் துண்டுகள் பொருத்தப்பட்டதும் அதன் செம்பு கரைவது பெரிதும் குறைந்தது.

ஆனால் வேறொரு தொல்லை முளைத்தது. செம்பு மெல்லக் கரைந்து நீரில் கலந்த நஞ்சுதான் பாசியையும் கொட்டலசையும் விரட்டிக்கொண்டிருந்தது. செம்பு கரைவது நின்றதும் அவை செழித்து வளர்ந்தன. கப்பல்கள் வேகம் குன்றின. 1825இல் கடற்படை அம்முறையைக் கைவிட்டது. டேவியின் கருத்து பிழையன்று. அது பயன்பட்ட இடம்தான் பொருந்தவில்லை. பிற்காலத்தில் இரும்புக் கப்பல்கள் வந்தபோது அதே முறை மீண்டும் வந்தது. இன்றும் சுக்கானுக்கும் சுழலிக்கும் அருகே துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள்.

இங்கே மாணவர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். துத்தநாகம் இவ்வளவு நல்ல காவலன் என்றால், படகினுள் உள்ள மின் இணைப்புகளுக்கும் அதையே காவல் வைக்கலாமே? வைக்க முடியாது. துத்தநாகம் காவல் செய்யவேண்டுமானால், அதுவும் காக்கப்படும் உலோகமும் ஒரே நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். உலோக இணைப்பும் அவற்றிடையே இருக்க வேண்டும். வெளியே கடலில் இருக்கும் கட்டி, உள்ளே ஒரு துளி உப்புநீரில் நனைந்த இணைப்பைக் காப்பதில்லை. மேலும், இணைப்பில் இருப்பது இரு உலோகங்கள் உண்டாக்கும் சிறு மின்னோட்டம் மட்டுமன்று. மின்கலம் தள்ளும் 12 வோல்ட்டும் அங்கே உண்டு. எனவே மின்கம்பிக்கு வேறு வழி தேட வேண்டியதாயிற்று. நீரையே அண்டவிடாமல் செய்வதுதான் அந்த வழி.

கம்பி நீருக்குள் இறங்குகிறது

இவ்வழியில் தொடக்க முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராக இருந்த வில்லியம் ஓஷாக்னசி, 1839இல் ஹூக்ளி ஆற்றின் அடியில் தந்திக் கம்பியைக் கொண்டுசென்றார். கம்பிக்குக் கீல் பூசி, பிளந்த பிரம்புக்குள் வைத்து, அதன்மேல் தார் தோய்த்த நூலைச் சுற்றினார். கையில் கிடைத்த பொருள்களைக் கொண்டு அவர் செய்த மின்காப்பு அது.

இதைவிடச் சிறந்த பொருள் தென்கிழக்கு ஆசியக் காடுகளில் இருந்தது. அங்குள்ள ஒருவகை மரத்தின் பாலை உறையவைத்தால் கிடைக்கும் கட்டாபெர்ச்சாவை மலாய் மக்கள் கத்திப் பிடிகள் செய்யப் பயன்படுத்தி வந்தனர். வெந்நீரில் இட்டால் களிமண் போல் இளகும், ஆறினால் இறுகும். சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த மாண்ட்கோமரி 1843இல் இதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். இது மிகச் சிறந்த மின்காப்புப் பொருள் என்பதை 1848இல் மைக்கேல் ஃபாரடே எடுத்துக்காட்டினார். கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் இது கெடுவதில்லை. ஒட்டுப்போட்ட இடமே தெரியாதபடி இதைக் கம்பிமீது பூசும் இயந்திரத்தை ஜெர்மனியில் வெர்னர் சீமென்ஸ் உருவாக்கினார்.

1850 ஆகஸ்டில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கட்டாபெர்ச்சா பூசிய ஒற்றைக் கம்பியைக் கடலில் இட்டார்கள். வெளிக்கவசம் இல்லாத அந்தக் கம்பி மிக விரைவிலேயே அறுந்தது. மறு ஆண்டு இரும்புக் கம்பிகளைக் கவசமாக முறுக்கிப் புதிய வடம் இட்டார்கள். அது பல்லாண்டு நிலைத்தது.

அட்லாண்டிக் வடம் ஏன் இறந்தது?

அடுத்த முயற்சி மிகப் பெரியது. 1858 ஆகஸ்டில் அட்லாண்டிக் பெருங்கடலின் அடியில் அயர்லாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்து வரை வடம் கிடத்தப்பட்டது. விக்டோரியா அரசியின் 98 சொற்கள் கொண்ட வாழ்த்து அதன் வழியே சென்றது. அதற்கு ஏறக்குறைய 16 மணி நேரம் ஆயிற்று! ஊரெங்கும் வாணவேடிக்கை நடந்தது. ஆனால் செப்டம்பர் தொடக்கத்திலேயே வடம் ஊமையாகிவிட்டது.

இரு காரணங்கள் கூடி அதைக் கொன்றன. முதலாவது, வடத்தின் காப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இல்லை. கடலில் இடுமுன் வடத்தின் ஒரு பகுதி வெயிலில் கிடந்தது. கட்டாபெர்ச்சா இளகியதால் செம்புக் கம்பி நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்தது. அங்கே காப்பு மெலிந்தது. இரண்டாவது, நிறுவனத்தின் மின்பொறியாளரான வைல்ட்மன் வைட்ஹவுஸ், செய்தி தெளிவாகப் போகவில்லை என்று கண்டு, தூண்டுசுருள்களைக் கொண்டு ஏறக்குறைய 2,000 வோல்ட் அழுத்தத்தைச் செலுத்தினார். மெலிந்த இடங்கள் அதைத் தாங்கவில்லை. காப்பு பழுதுற்ற இடத்தில் கடல்நீர் செம்பைத் தொட்டது.

இத்தோல்வியிலிருந்து அறிவியலுக்குக் கிடைத்த ஆதாயம் பெரிது. பிரிட்டிஷ் அரசும் தந்தி நிறுவனமும் சேர்ந்து அமைத்த விசாரணைக் குழு 1861இல் விரிவான அறிக்கை தந்தது. செம்பின் தூய்மை, காப்பின் தரம், இணைப்புகளின் நிலை ஆகிய எல்லாவற்றையும் அளந்து பார்த்தபின்பே கடலில் இட வேண்டும் என்ற கொள்கை வேரூன்றியது. அளப்பதென்றால் அலகு வேண்டும் அல்லவா? அதே 1861இல் வில்லியம் தாம்சனின் தூண்டுதலால் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் மின்தடைக்கு ஒரு பொது அலகை வகுக்கக் குழு அமைத்தது. நாம் பள்ளியில் படிக்கும் ஓம் என்னும் அலகு அந்தக் குழுவின் பணியில் உருவானது. அதற்குப் பின்னால் இருந்த தேவைகளுள் முதன்மையானது கடல் தந்தி.

1866இல் கிரேட் ஈஸ்டர்ன் என்ற மாபெரும் கப்பல் இட்ட அட்லாண்டிக் வடம் வெற்றி பெற்றது. அதன் செம்புக் கடத்தி ஏழு இழைகளை முறுக்கியது. இழைகளுக்கு இடையே இடைவெளி இருந்தால் என்ன ஆகும்? ஓரிடத்தில் புகுந்த நீர், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, நுண்புழைக் கவர்ச்சியால் நெடுந்தூரம் பரவும். இதைத் தடுக்கக் கட்டாபெர்ச்சா, தார், பிசின் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த சாட்டர்டன் கலவையை இழைகளுக்கு நடுவே நிரப்பினார்கள். காப்பைப் பல அடுக்குகளாகப் பூசி, அடுக்குகளின் இடையிலும் அதையே தடவினார்கள். வடத்துண்டுகளைச் சேர்க்கும் ஒவ்வோர் ஒட்டையும் நீரில் அமிழ்த்தித் தனியாகச் சோதித்தார்கள். நூற்றுக்கணக்கான கல் நீளமுள்ள நல்ல கம்பியை ஒரே ஒரு கெட்ட ஒட்டு பயனற்றதாக்கிவிடும் என்பதை அவர்கள் பட்டறிவால் உணர்ந்திருந்தார்கள்.

1870-71இல் சென்னையும் கடலடி வடத்தின் வழியே பினாங்குடனும் சிங்கப்பூருடனும் இணைந்தது.

எந்த முனை கரைகிறது?

தந்திக்காரர்கள் இன்னொன்றையும் கண்டுகொண்டார்கள். வடத்தில் காப்பு பழுதடைந்த இடத்தில், கம்பி நேர்மின் அழுத்தத்தில் இருந்தால் செம்பு வேகமாகக் கரைகிறது. எதிர்மின் அழுத்தத்தில் இருந்தால் கரைவதில்லை.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். இரண்டு செம்புக் கம்பிகளின் நுனிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஒன்றையொன்று தொடாதபடி நீரில் விடுங்கள். மறு நுனிகளை, தொடராக இணைத்த இரண்டு டார்ச் செல்களுடன் சேருங்கள். வீட்டு மின்சாரத்தை இதற்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. எதிர்முனைக் கம்பியில் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். அக்கம்பி பளிச்சென்றே இருக்கும். நேர்முனைக் கம்பி கறுத்து மங்கும். சிறிது நேரத்தில் நீர் கலங்கி வண்டல் சேரும். நேர இடைவெளி விட்டுப் பார்த்தால் நேர்முனைக் கம்பி மெலிந்திருப்பதைக் காணலாம். சோதனை முடிந்ததும் நீரைக் கொட்டிவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

எவ்வளவு செம்பு கரையும் என்பதை ஃபாரடேயின் மின்பகுப்பு விதிகள் கணக்கிட்டுத் தருகின்றன. ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறைய 1.2 கிராம் செம்பு கரையும். படகின் ஈரமான இணைப்பில் ஆம்பியர் கணக்கில் மின்சாரம் கசிவதில்லை. ஒரு மில்லி ஆம்பியர் கசிவதாக வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள மின்கலம் இந்தக் கசிவை உணரவே உணராது. ஆனால் இக்கசிவு முழுவதும் செம்பைக் கரைப்பதிலேயே செலவாகுமானால், ஓராண்டில் 10 கிராம் செம்பு போய்விடும். ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர்க் கம்பி ஒரு மீட்டருக்கு 13 கிராம்தான் எடை. அரிப்போ கம்பி முழுதும் பரவாமல் இணைப்பு ஒன்றையே தாக்குகிறது. அரை சென்டிமீட்டர் நீளத்தைத் தின்றுதீர்க்க மூன்று நாள்கூட வேண்டியதில்லை!

இதனால்தான் பழுதுற்ற வடங்களில் கம்பியை எதிர்மின் அழுத்தத்தில் வைத்துச் செய்தி அனுப்பினார்கள். தொலைபேசி நிலையங்கள் மின்கலத்தின் நேர்முனையை மண்ணோடு இணைத்து, கம்பிகளை 48 வோல்ட் எதிர் அழுத்தத்தில் வைக்கும் வழக்கத்துக்கும் காரணம் இதுவே. ஆனால் படகுகளில் பொதுவாக எதிர்முனையே பொது முனையாகிறது. விளக்குக்கும் பம்புக்கும் செல்லும் கம்பிகள் நேர்மின் அழுத்தத்தில் இருக்கின்றன. எனவே நேர்முனை இணைப்புகளுக்குத்தான் காவல் அதிகம் வேண்டும்.

கப்பலில் மின்விளக்கு

1880இல் அமெரிக்காவின் கொலம்பியா என்ற நீராவிக் கப்பலில் எடிசன் தம் இழைவிளக்குகளைப் பொருத்தினார். அவருடைய ஆய்வகத்துக்கு வெளியே விற்பனைக்கென அமைந்த முதல் விளக்கமைப்பு அதுதான். 1881இல் பணியில் சேர்ந்த இன்ஃபிளெக்சிபிள் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலிலும் மின்விளக்குகள் எரிந்தன. அதன் மின்னாக்கி பல நூறு வோல்ட் தந்தது. ஈரமும் உப்பும் இரும்பும் சூழ்ந்த இடத்தில் அது எத்தகைய ஆபத்து என்பதை 1882இல் ஒரு மாலுமியின் உயிர் போனபின்பே உணர்ந்தார்கள். அதன்பின் பிரிட்டிஷ் கடற்படை 80 வோல்ட்டுக்கு இறங்கி வந்தது.

தொடக்கத்தில் பல வணிகக் கப்பல்களில் விளக்குக்கு ஒரே கம்பிதான் சென்றது. கப்பலின் இரும்பு உடலே மின்னோட்டம் திரும்பும் பாதையாயிற்று. இதனால் செலவு குறைந்தது. ஆனால் கம்பி உடலோடு சேரும் ஒவ்வோர் இடத்திலும் செம்பும் இரும்பும் உப்பு ஈரத்தில் சந்தித்தன. அலாரம் கப்பலின் ஆணிக் கதை மீண்டும் நடந்தது. போதாக்குறைக்கு ஒற்றைக் கம்பியின் காந்தப்புலம் திசைகாட்டியையும் திருப்பியது. எனவே போக ஒன்றும் வர ஒன்றுமாக இரு கம்பிகள் இடும் முறை நிலைபெற்றது.

கம்பிக்கு உறையாகக் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் வந்தபோது எதிர்பாராத இடர் ஒன்று நேர்ந்தது. ரப்பரில் இருந்த கந்தகம் செம்போடு சேர்ந்து அதைக் கறுப்பாக்கியது. இதற்கு மருந்தாகச் செம்பு இழைகளுக்கு வெள்ளீயம் பூசினார்கள். பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு கைக்காமலிருக்க நம் வீடுகளில் ஈயம் பூசுவார்களே, அதே ஈயம்தான் இது. பின்னர் ரப்பருக்குப் பதிலாக பி.வி.சி. உறை வந்தது. அதில் கந்தகம் இல்லை. ஆகவே தரையில் ஓடும் கம்பிகளுக்கு ஈயப்பூச்சு தேவையற்றதாயிற்று. ஆனால் படகுகளுக்கான கம்பியில் மட்டும் அது நீங்கவில்லை. இழைகளின் நடுவே உப்புநீர் ஏறினாலும் வெள்ளீயப் பூச்சு செம்பைச் செம்மையாகக் காப்பதை அனுபவத்தில் கண்டிருந்தார்கள். கந்தகத்துக்காக வந்த காவலன் உப்புக்காக வேலையில் நீடித்தான்.

நெரித்த முனையும் சுருங்கும் உறையும்

கம்பி தேறிவிட்டது. இணைப்பு? நெடுங்காலம் இணைப்பு என்றால் பற்றாசு வைப்பதுதான். ஆனால் உருகிய பற்றாசு பல இழைக் கம்பியின் உள்ளே சிறிது தூரம் ஏறி, அதுவரை கம்பியை விறைப்பாக்கிவிடுகிறது. விறைத்த பகுதி முடிந்து வளையும் பகுதி தொடங்கும் இடத்தில், எஞ்சினின் இடைவிடாத அதிர்வு இழைகளை ஒவ்வொன்றாக முறிக்கிறது. இணைப்பு மிகச் சூடானால் பற்றாசு இளகியும் விடலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் இலட்சக்கணக்கான இணைப்புகள் விரைவாகத் தேவைப்பட்டன. 1941இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.எம்.பி. நிறுவனம், கம்பியின் நுனியை ஒரு செம்பு முனைக்குள் நுழைத்துச் சரியான கருவியால் நெரித்துப் பிடிக்கும் முறையைப் பரப்பியது. நம் கடைகளில் லக் என்று கேட்டால் கிடைப்பது இத்தகைய முனைதான். நன்றாக நெரித்தால் இழைகளும் முனையும் ஒன்றோடொன்று அழுந்தி, நடுவே காற்றுக்கும் இடமில்லாமல் இறுகிவிடும். காற்றே புகாத இடத்தில் உப்புநீர் எப்படிப் புகும்? 1954இல் தொடங்கிய அமெரிக்கப் படகுக் கழகம் வகுத்த விதிகளும், பொதுவாக ஓர் இணைப்பைப் பற்றாசு மட்டுமே தாங்கி நிற்கக் கூடாது என்கின்றன.

இறுக்கிய இணைப்புக்கு மேலுறையாக வந்தது சூட்டால் சுருங்கும் குழாய். இதன் பிறப்பு அணுக்கரு இயற்பியலோடு தொடர்புடையது. 1952இல் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் ஆர்தர் சார்ல்ஸ்பி, பாலிதீனை அணு உலையின் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றின. இப்படிப் பிணைந்த பாலிதீன் தன் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்கிறது என்றே சொல்லலாம். சூடாக்கி விரித்து அப்படியே குளிரவைத்தால் விரிந்தே இருக்கும். மீண்டும் சூடாக்கினால் பழைய அளவுக்குச் சுருங்கும். 1957இல் பால் குக் தொடங்கிய ரேகெம் நிறுவனம் இத்தகைய குழாய்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குழாயின் உட்புறம் பசை பூசிய வகைதான் படகுக்கு ஏற்றது. சூட்டில் குழாய் சுருங்க, பசை உருகி இடுக்கெல்லாம் நிரம்பி நீரை அடைக்கிறது. சாட்டர்டன் கலவை செய்த அதே வேலை இது.

இன்றைய படகில்

நம் கடற்கரையின் விசைப்படகுகளில் இன்று விளக்கு, பம்பு, வானொலிக் கருவி, மீன் கூட்டம் காட்டும் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி என மின்சாரத்தை நம்பியவை பல. அவற்றின் இணைப்புகளைக் காக்க, மேலே கண்ட வரலாற்றிலிருந்தே வழிமுறைகளைப் பெறலாம்.

முதலில் பகைவனின் இயல்பை அறிய வேண்டும். கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு உள்ளது. நல்ல குடிநீரைவிட அது நூறு மடங்குக்கு மேல் மின்சாரத்தைக் கடத்தும். மேலும், கடல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதை எல்லா வீட்டிலும் காண்கிறோம். ஆகவே ஒருமுறை உப்புநீர் பட்ட இணைப்பு, வெயிலில் காய்ந்தது போலத் தோன்றினாலும் இரவில் மீண்டும் நனைந்துவிடும். அதை நல்ல நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, பச்சை பிடித்த பகுதியை வெட்டி எறிந்த பின்பே புதிய இணைப்புப் போட வேண்டும். உப்பை உள்ளே வைத்து மூடுவது பகைவனை வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டுவதாகும்.

வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் அத்தகையதே. அதன் விளிம்பில் புகும் நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கும். வினிகர் வாசனை வீசும் சிலிக்கோன் பசையையும் தவிர்க்க வேண்டும். அது இறுகும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். ஈயம் பூசிய பல இழைக் கம்பி, சரியாக நெரித்த முனை, பசை உள்ள சுருங்கும் உறை ஆகிய மூன்றும் சேர்ந்ததே நல்ல இணைப்பு. இணைப்புகளைப் படகின் அடிநீருக்கு எட்டாத உயரத்தில் வைப்பதும், கம்பி இணைப்பை அடையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு கொடுத்து நீர் அங்கேயே சொட்டிவிடச் செய்வதும் காசில்லாத காவல்கள். மின்கல முனைகளை இறுக்கியபின் மேலே வாசலின் தடவலாம்.

இவற்றைச் செய்யாவிட்டால் விளைவதையும் கணக்கிடலாம். களிம்பு ஏறிய இணைப்பின் தடை 0.1 ஓம் என்று கொள்வோம். 10 ஆம்பியர் இழுக்கும் பம்புக்கு அங்கே ஒரு வோல்ட் குறைகிறது. குறைந்த ஆற்றல் எங்கே போகிறது? 10 வாட் வெப்பமாக அந்த விரல்நுனி அளவு இடத்திலேயே வெளிப்படுகிறது. ரேடியோ பழுதுபார்ப்பவரின் சிறிய சால்டரிங் கோல் 25 வாட்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். வெப்பத்தால் அரிப்பு வளரும். அரிப்பால் தடை வளரும். தடையால் வெப்பம் வளரும். பம்பு நிற்பதோடு இது முடியலாம். டீசல் நாறும் அடித்தளத்தில் தீயாகவும் முடியலாம்.

உலோக அரிப்பை ஆராய்வதில் நம் மாநிலத்துக்கும் சிறப்பான இடம் உண்டு. வள்ளல் அழகப்பர் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 இலட்சம் ரூபாய் நன்கொடையிலும் எழுந்து 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் கடல்சார் அரிப்பை ஆராய நிலையங்களை அமைத்தது. உலோகங்களைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் நெடுநாள் வைத்து, எது எவ்வளவு கரைகிறது என்று அளந்து பார்ப்பது அங்கு நடக்கும் பணிகளுள் ஒன்று. கடலோர மாணவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் பார்த்து வரலாம்.

அலாரம் கப்பலில் ஆணியைக் காத்தது வெறும் பழுப்புத் தாள். இன்று அதன் இடத்தில் வெள்ளீயமும் பாலிதீனும் பசையும் இருக்கின்றன. வேலை மட்டும் மாறவில்லை. உலோகத்துக்கும் உப்புநீருக்கும் இடையே நிற்பதே அந்த வேலை. அன்று தாள் நின்ற இடத்தில் ஆணி பிழைத்தது தற்செயல். இன்று காரணம் தெரிந்திருக்கிறது. பொருளும் கடையில் கிடைக்கிறது. கடலுக்குப் போகுமுன் டீசலையும் குடிநீரையும் பார்த்துக்கொள்வது போல, இணைப்புகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நம் படகுகளில் வழக்கமாக வேண்டும்.